நிறைவெண்: ஒரு சொல்லும் 3,35,50,336-உம்

‘பெர்ஃபெக்ட் நம்பர்’ என்பதைத் தமிழில் செவ்விய எண் என்றும் எழுதுகிறார்கள், நிறைவெண் என்றும் எழுதுகிறார்கள். நான் நிறைவெண் பக்கம்.

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு, கூட்டிப் பாருங்கள். அதே எண் திரும்ப வந்தால் அது நிறைவெண். 6-க்கு 1+2+3. 28-க்கு 1+2+4+7+14.

கிரேக்கர்கள் இதை ‘தெலெயோஸ்’ என்றார்கள். ‘தெலோஸ்’ என்றால் முடிவு, எல்லை. லத்தீனில் ‘பெர்ஃபெக்டுஸ்’ ஆனது: முழுக்கச் செய்து முடித்தது என்று பொருள். செம்மையோ அழகோ அல்ல, நிரம்பியிருப்பதுதான் இங்கே பேச்சு. ‘முழு எண்’ என்ற பெயர் வேறொன்றுக்குப் போய்விட்டது. நிறைவு என்றால் குறைவும் மிகையும் உடனே துணைக்கு வந்துவிடுகின்றன. 8-இன் வகுஎண்கள் 1+2+4, மொத்தம் 7, அது குறைவெண். 12-க்கு 1+2+3+4+6, மொத்தம் 16, அது மிகையெண். நிறைகுடம் தளும்பாது என்கிறோமே, 12 தளும்பிவிட்டது. போதாததற்கு, ‘நிறை’ என்றால் எடை என்றும் பொருள். ஒரு தட்டில் எண், மறுதட்டில் அதன் வகுஎண்கள், முள் நடுவில் நிற்கிறது.

கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸுக்கு நான்கு நிறைவெண்கள் தெரியும்: 6, 28, 496, 8128. கடைசி இலக்கம் 6, 8 என மாறிமாறி வரும் என்று எழுதினார். ஓரிலக்கத்தில் ஒன்று, ஈரிலக்கத்தில் ஒன்று என்று அடுக்காக வேறு இருந்ததால், அடுத்தது ஐந்திலக்கத்தில் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அடுத்தது 3,35,50,336. எட்டு இலக்கம்!

ஏன் இவ்வளவு தூரம்? யூக்ளிட் சொன்ன வழி இது: 1, 2, 4 என்று இரட்டித்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டுத்தொகை பகா எண்ணாக வந்தால், கடைசியாகச் சேர்த்த எண்ணால் அதைப் பெருக்க வேண்டும். 1+2+4=7; 7×4=28. கூட்டுத்தொகை 127-இல் 8128 கிடைக்கிறது. அப்புறம் 255, 511, 1023, 2047, 4095 ஐந்தும் கைவிடுகின்றன. 2047 பார்ப்பதற்குப் பகா எண் போலவே இருக்கும், ஆனால் 23×89. அடுத்து வரும் 8191 பகா எண். 8191×4096 பெருக்கினால் நம் எண்.

சரி, உண்மையிலேயே நிறைகிறதா? 1 முதல் 4096 வரையிலான இரட்டிப்புகளின் கூட்டல் 8191. மற்ற வகுஎண்கள் 8191-ஐ 1 முதல் 2048 வரையிலான இரட்டிப்புகளால் பெருக்கி வருபவை; அவற்றின் கூட்டல் 8191×4095. இரண்டையும் சேர்த்தால் 8191×4096. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

13-ஆம் நூற்றாண்டில் இப்னு ஃபல்லூஸ் என்ற அரபுக் கணித அறிஞர் இதையும், அடுத்த 858,98,69,056-ஐயும் குறித்துவைத்தார். அதுவும் 6-இல்தான் முடிகிறது. நிக்கோமாக்கஸின் 6, 8 வரிசை அங்கேயே அறுந்தது.