மழை நாளில் கேட்காத பாடம்

கடற்கரையை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளியில், பழைய ஓட்டுக் கட்டடத்தோடு சேர்த்து ஷீட் போட்டு நீட்டியிருந்த மூன்றாம் வகுப்பறையில், ஒரு ஜூன் மாத முற்பகலில் சிறப்பாசிரியராகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாரலாகத் தொடங்கிய மழை சற்று நேரத்தில் கூரை மேல் இரைந்து விழுந்ததும் ஆசிரியை குரலை உயர்த்தினார், பிள்ளைகளும் உயர்த்தினார்கள். இரண்டு காதிலும் கருவி அணிந்திருந்த ஒரு சிறுவன் மட்டும், யாரும் சொல்லாமலேயே இரண்டையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஓட்டு விளிம்பிலிருந்து வடியும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தனை தடவை சொன்னாலும் மிஷினைக் கழற்றிருவான் டீச்சர், பிடிவாதம் ஜாஸ்தி" என்றார் ஆசிரியை.

நான் அதைப் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெளிவாகத் தெரிவது போல, காதொலிக் கருவி போட்டவுடன் பேச்சு தெளிவாகக் கேட்டுவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கருவி ஆசிரியரின் குரலைப் பெரிதாக்குவது போலவே மழையையும், பெஞ்சு இழுபடும் ஓசையையும், பக்கத்து வகுப்பின் வாய்பாட்டையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. இரைச்சலைக் குறைக்கும் வசதி புதிய கருவிகளில் உண்டு என்றாலும், ஷீட்டில் அறையும் மழைக்கு முன்னால் அது பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அந்த நேரத்தில் கருவியைக் கழற்றிவிடுவது எட்டு வயதுப் பிள்ளை தன் தலைவலிக்குத் தானே கண்டுபிடித்த மருந்து. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒரு கல்வியாண்டில் இப்படி எத்தனை பாடவேளைகள் அவனிடமிருந்து நழுவிப்போகும் என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான என்னைப் போன்ற சிறப்பாசிரியர்கள் வட்டார வள மையத்தில் இருந்துகொண்டு பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறவர்கள். மலையோரத் தோட்டப் பகுதியில் ஒரு பள்ளி, கடலோரத்தில் ஒரு பள்ளி, வீட்டைவிட்டு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிப் பயிற்சி என்று நாட்கள் பிரிந்துபோவதால், ஒரே பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் போய்விட்டால் அதை நல்ல வாரம் என்று சொல்வேன். மற்ற நான்கு நாட்களும் அந்தப் பிள்ளைக்கு இருப்பவர் வகுப்பாசிரியர்தான். ஆனால் பல பள்ளிகளில் "அது ஸ்பெஷல் டீச்சர் பிள்ளை" என்றொரு வழக்குச் சொல் இருக்கிறது. நான் வரும் நாளில் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துவந்து என்னிடம் ஒப்படைப்பார்கள். நான் கிளம்பும்போது மறுபடி அதே கடைசி பெஞ்சில் விட்டுவிட்டு வரவேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், மதிய உணவும் சீருடையும் கிடைக்கும், பாடம் மட்டும் வாரம் ஒரு நாள்தான்.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இந்த இடத்தில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. உள்ளடக்கிய கல்வி என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் இரண்டு கூறுகள் உண்டு. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து படிப்பது ஒன்று; கற்பிக்கும் முறையும் கற்கும் முறையும் வெவ்வேறு வகை மாணவர்களின் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கப்பட்டிருப்பது மற்றொன்று. முதற்கூறை நாம் பெருமளவு நிறைவேற்றிவிட்டோம். ஆய்வுக்கு வருபவர்கள் சாய்தளம் இருக்கிறதா, கைப்பிடியோடு கூடிய கழிப்பறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்; பார்க்க வேண்டியவைதாம். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே ஆசிரியர் பாடம் சொல்கிறாரா என்பதைப் பார்க்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அந்தச் சிறுவனின் விஷயத்தில் முதல் தவறைச் செய்தது நான்தான். முந்தைய ஆண்டு அவனை முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். முன் பெஞ்சு என்றால் போதும் என்று எழுதிக்கொடுத்தேனே தவிர, எந்த ஓரம் என்று பார்க்கவில்லை. அவனுக்குக் கிடைத்த இடம் சாலையைப் பார்த்த ஜன்னல் ஓரம். பேருந்து ஹாரன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அவன் தோள் சுருங்குவதை மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன். இப்போது அவன் இடம் சுவர்ப் பக்கம், ஆசிரியர் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே. திறந்தவெளியில், பேசுபவரிடமிருந்து உள்ள தொலைவு இரட்டிப்பானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைந்துவிடும். வகுப்பறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பினாலும் அது குழம்பித்தான் வந்து சேரும். ஆகவே கத்திப் பேசுவதைவிட இரண்டு அடி கிட்ட வந்து பேசுவது அவனுக்கு அதிகம் பயன்படும். கத்தும்போது வாயசைவும் கோணிப்போகிறது. உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்தப் பாதியும் போய்விடும்.

மழை நாளுக்கு அந்த ஆசிரியையும் நானும் சேர்ந்து ஒரு வழி செய்தோம். கூரை இரையத் தொடங்கினால் வாய்ப்பாடத்தை நிறுத்திவிடுவது; எழுதுவது, வரைவது, அட்டைகளைச் சேர்ப்பது, சொல்லை நடித்துக் காட்டி மற்றவர்கள் சிலேட்டில் எழுதுவது போன்ற வேலைகளை மழைக்கென்றே ஒரு டப்பாவில் தயாராக வைத்துக்கொள்வது. இதில் கூடுதல் செலவு எதுவும் இல்லை. மழையில் அந்த அறையில் யாருக்குமே எதுவும் கேட்கவில்லை என்ற உண்மையையும் நாங்கள் அப்போதுதான் ஒப்புக்கொண்டோம்.

கடலோரப் பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றும் வியர்வையும் கருவிக்குப் பகை. இரவில் கருவியைக் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைப்பதைப் பல் தேய்ப்பது போல வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கருவிக்குப் போடும் துத்தநாகக் காற்று (zinc-air) பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்துவிட்டால் அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். பிறகு மறுபடி ஒட்டி வைத்துப் பயனில்லை. காதில் கருவி இருக்கிறது, பேட்டரி தீர்ந்து நான்கு நாளாயிற்று என்ற நிலையில் பிள்ளைகளை நான் பார்த்த கணக்கு அதிகம். காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போதே, வாயை மறைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் பெயரை மெல்ல ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தால் அன்றைக்குக் கருவி வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் கருவி ஒன்று இருப்பதால் இந்தச் சிறுவனுக்காக வாதாடுவது எளிது. எழுத்து கூட்டி வாசிக்க முடியாத பிள்ளைக்காக வாதாடுவதுதான் இந்த மாவட்டத்தில் கடினம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு கன்னியாகுமரி தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. அந்தப் பெருமையை நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் எல்லோரும் படித்த ஊரில் படிக்க வராத பிள்ளை வீட்டுக்கு மானக்கேடாகத் தோன்றுகிறது. டியூஷனை மாற்றுகிறார்கள், அடிக்கிறார்கள், அழுகிறார்கள். மதிப்பீட்டு முகாமுக்கு மட்டும் அழைத்துவருவதில்லை. "பிள்ளைக்கு ஓர்மை நிக்கல்ல டீச்சர், வேற ஒரு குறையும் இல்ல" என்று மார்த்தாண்டம் பக்கத்துத் தாய் ஒருவர் என்னிடம் சொன்னபோது, அந்தப் பிள்ளை முந்தைய நாள் கேட்ட கதையை ஒரு வரி விடாமல் எனக்குச் சொல்லி முடித்திருந்தான். ஓர்மை, அதாவது ஞாபகம், நன்றாகவே நின்றது, எழுத்துத்தான் நிற்கவில்லை.

தமிழ் எழுத்து இத்தகைய பிள்ளைக்கு எந்த இடத்தில் இடறுகிறது என்பதை ஆசிரியர்கள் தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறைந்துவிடும். 'கொடி' என்ற சொல்லை ஒரு சிறுமி ஓராண்டு முழுக்க 'கெரடி' என்றே வாசித்தாள். வகுப்பு சிரிக்கும். ஆனால் அவள் பார்த்ததை அப்படியே வாசித்திருக்கிறாள்: முதலில் கொம்பு, பிறகு 'க', அதன் பிறகு வரும் துணைக்கால் அவள் கண்ணுக்கு 'ர'. ஒலியில் கடைசியாக வரும் உயிரின் குறி எழுத்தில் இடப்பக்கம் முதலாவதாக நிற்கிறது. ஒகரத்திலோ மெய்க்கு இரு புறமும் நிற்கிறது. நமக்குப் பழகிப்போனதால் இதன் விசித்திரம் தெரிவதில்லை. 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய வடிவங்களை எடுத்துவிட்டுச் சுமையைக் கொஞ்சம் இறக்கியது. கொம்பு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. அந்தச் சிறுமிக்கு நான் செய்தது இதுதான்: மெய்யைக் கறுப்பிலும் உயிர்க்குறியைச் சிவப்பிலும் எழுதி, இருபுறக் குறிகளை ஒரே அட்டையில் ஜன்னல் போல வெட்டி, நடுவில் 'க', 'ச', 'த' என்று மாற்றி மாற்றி நகர்த்த வைத்தேன். ஒகரம் ஒன்றுக்கே மூன்று வாரம் ஆயிற்று. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் அட்டவணையில் ஒரே மூச்சில் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைதான் அவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பித்தல் வாசிப்பு ஆகாது.

இதே போல ஏமாற்றும் இன்னொன்று நோட்டுப் புத்தகம். வாசிக்கவே தெரியாத சில பிள்ளைகளின் நோட்டு மணிமணியாக இருக்கும். அவர்கள் எழுத்தைக் கோலம் போல வரைந்துவிடுகிறார்கள். ஆசிரியர் சரி போட்டுவிடுகிறார். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் இது ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே வருகிறது. நோட்டை மூடச் சொல்லிவிட்டு, அவர்கள் எழுதியதிலேயே ஒரு சொல்லைத் தனியாகக் காட்டி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

எல்லாத் தடுமாற்றத்தையும் குறைபாட்டுக் கணக்கில் சேர்ப்பதும் தவறு. விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் குடிக்கும் நீருக்கு 'வெள்ளம்' என்றுதான் பெயர். 'வெள்ளம் வந்தது' என்ற பாட வரியைப் படித்துவிட்டு, "குழாயில் வந்ததா?" என்று கேட்ட பிள்ளைக்குப் புரிதல் குறைவு என்று ஒரு மதிப்பீட்டுத் தாளில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கிழங்கு என்றால் அவனுக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிதான். அட்டையில் உள்ள உருளைக்கிழங்கைக் கண்டு அவன் விழித்தால் தவறு அட்டையுடையது. வீட்டு மொழியில் கேட்டால் பிள்ளை சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அதிலும் தடுமாறினால், அல்லது பேச்சில் எந்தத் தடையும் இல்லாமல் வாசிப்பில் மட்டும் ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்றால், அப்போது மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் அதற்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும் என்பதால் இங்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். தோவாளைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி, வகுப்பில் பத்துக்கு மேல் எண்ணமாட்டாள். வீட்டில் பூக்கட்டும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு என்று நிறம் பிசகாமல் எடுத்துக்கொடுப்பாள். அந்த வரிசையையே வகுப்புக்குக் கொண்டுவந்து மூன்று மூன்றாக எண்ண வைத்தபோது முப்பது வரை போனாள். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் பாடம் நடக்கும்போதே, அதே மேசையில், அவளுக்குரிய பெருக்கல் பூவில் நடக்கலாம். ஒரே பாடவேளையில் ஒரே தலைப்பில் வேறு அளவு என்பதைத்தான் தனிநபர் கல்வித் திட்டம் என்ற படிவம் கேட்கிறது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். இங்கே உதவும் தோழிகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அன்பின் பெயரால் அவள் கணக்கை அவர்களே போட்டு முடித்துவிடுவார்கள்.

கடைசியாக, தேர்வுச் சலுகைகள். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரக் கூடுதல் நேரம், குறைபாட்டின் வகையைப் பொறுத்து மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் இவற்றுக்கு உரிய மருத்துவச் சான்று வேண்டும், பள்ளி வழியாக விண்ணப்பம் போக வேண்டும், ஆணை வர வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஜனவரி மாதத்தில் அழைத்துவந்து, நாகர்கோவிலில் யாரைப் பார்த்தால் சான்று உடனே கிடைக்கும் என்று கேட்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். சான்று கிடைத்துவிட்டாலும், தான் சொல்ல மற்றொருவர் எழுதுவதில் ஒரு நாள்கூடப் பழக்கமில்லாத பிள்ளை, தேர்வறையில் முன்பின் தெரியாத ஆசிரியருக்கு எதிரில் உட்கார்ந்து வாய் திறக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே சான்றுக்கான வேலையைத் தொடங்கிவிட்டு, காலாண்டுத் தேர்விலிருந்தே ஓர் எழுதுநரை வைத்துப் பழக்கிவிடுங்கள். எப்படிப் பதிலை வாக்கியம் வாக்கியமாகச் சொல்வது, எங்கே நிறுத்துவது, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டும்படி எப்படிக் கேட்பது என்பவற்றை அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க நான்கு தேர்வுகளாவது பிடிக்கும்.