சாட்சி, சான்று, கரி

கிறிஸ்தவ சபையில் அடிக்கடி காதில் விழும் சொல் 'சாட்சி'. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினால் 'சாட்சி சொன்னேன்' என்கிறோம், ஒருவருடைய நடத்தை சரியில்லை என்றால் 'அவருக்கு வெளியே நல்ல சாட்சி இல்லை' என்கிறோம், விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தவர் 'இரத்தசாட்சி', கத்தோலிக்கர் வழக்கில் 'மறைசாட்சி'. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மார்துஸ்'. அதற்கும் முதலில் சாட்சி என்று மட்டும்தான் பொருள்; சாட்சி சொன்னதற்காகவே பலர் கொல்லப்பட்ட பிறகு உயிர் கொடுத்தவர் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது.

சாட்சி வடசொல். அதற்குள் 'அக்ஷி', அதாவது கண், இருக்கிறது. கண்ணால் பார்த்தவர்தான் சாட்சி. இது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. ஒருமுறை ரயிலில் எதிரே இருந்த பெரியவரிடம் ஆதாமில் ஆரம்பித்து பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் வசனம் வசனமாக அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "அதெல்லாம் சரி தம்பி, உனக்கு என்ன நடந்துச்சு?" என்றார். வாயடைத்துப் போனேன். வக்கீல் மாதிரி வாதாடியிருக்கிறேனே தவிர, சாட்சி சொல்லவே இல்லை.

யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் இயேசுவால் பார்வை பெற்றவனைப் பாருங்கள். பரிசேயர்கள் என்ற யூத மதப் பிரிவினர் குறுக்கு விசாரணை செய்கிறார்கள், இயேசு பாவியா இல்லையா என்ற வாதத்துக்குள் அவன் உடனே போகவில்லை: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்." தெரிந்தது அவ்வளவுதான், அதைச் சொன்னான். 'கண்' ஒளிந்திருக்கும் சொல்லுக்கு இவனைவிடப் பொருத்தமான ஆள் யார்?

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய சொல் 'கரி'. பொய்ச்சாட்சி சொல்பவரைச் சிலப்பதிகாரம் 'பொய்க்கரியாளர்' என்கிறது. 25ஆவது குறளில் 'இந்திரனே சாலுங் கரி' என்று வருகிறது, இந்திரனே போதுமான சாட்சி என்று பொருள். ஆனால் இன்றைக்குக் கரி என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும், அதனால் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவர முடியாது. அதே குறளில் இருக்கும் 'சால்' என்ற வேரிலிருந்து வந்த 'சான்று'தான் நமக்குச் சரியான சொல். சாலுதல் என்றால் நிறைதல், போதுமானதாக இருத்தல். சான்றோரும் அதே வேர்தான். பேச்சுக்கும் நடத்தைக்கும் ஒரே வேர் அமைந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 1995இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பு 'சான்று பகர்தல்' என்றே எழுதுகிறது.

நான் எழுதும்போது சான்று, சபையில் பேசும்போது பழக்கத்தால் சாட்சி. முன்பின் தெரியாதவரிடம் இரண்டுமே வேண்டாம். "எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லட்டுமா?" என்று கேட்பேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.