நுழைவு எண் 37

போன மாதம் வேலூரில் ஒரு குறுங்கதைப் போட்டி. எழுதிப் பழகுகிறவர்களுக்கானது. 100 சொல்லுக்குள் கதை முடிந்துவிட வேண்டும். வந்தவற்றைப் படித்து, பிடித்த மூன்றைச் சொல்லும்படி எங்களில் ஆறேழு பேரிடம் ஆளுக்கொரு கட்டுத் தாளைக் கொடுத்தார்கள். கட்டின் மேலே ஒரு படிவம். அதில் இருந்த வரி இது: ‘தங்களின் விருப்ப நுழைவுகள் மூன்றினைத் தேர்வு செய்யவும்.’

விருப்ப ஓய்வு எனக்குத் தெரியும். என் மச்சான் 52 வயதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விருப்பப் பாடம் தெரியும். விருப்ப நுழைவு? விருப்ப ஓய்வில் போனவர் மனம் மாறித் திரும்பி வருவதா? ஒவ்வொரு கதையின் தலையிலும் ‘நுழைவு எண்’ என்று வேறு அச்சடித்திருந்தார்கள். 37-ஆவது கதை, பாலாற்றில் மணலுக்குப் போன ஒரு மாட்டுவண்டியைப் பற்றியது. நல்ல கதை. அதன் நெற்றியில் ‘நுழைவு எண் 37’ என்று பார்த்ததும், பொருட்காட்சித் திடலின் பக்கவாட்டு கேட் ஞாபகம்தான் வந்தது.

ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். ஓவியப் போட்டி, குறும்படப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று எந்த அறிவிப்பைப் பிரித்தாலும் நுழைவுகள் வரவேற்கப்படுகின்றன, நுழைவுகள் பரிசீலிக்கப்படுகின்றன, தாமதமான நுழைவுகள் நிராகரிக்கப்படுகின்றன.

எல்லாம் ‘எண்ட்ரி’ என்ற ஆங்கிலச் சொல்லால் வந்த வினை. லத்தீனில் கிளம்பி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது; அடிப்பொருள் உள்ளே போதல். அதோடு அது நிற்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவதும் எண்ட்ரி ஆயிற்று. போட்டிக்காரரின் பெயரைப் பட்டியலில் ஏற்றுவதும் எண்ட்ரி. அப்புறம், பட்டியலில் ஏறிய படைப்பே எண்ட்ரி. அதாவது போட்டிக் கதைக்கு அந்தப் பெயர் வாசல் வழியாக வரவில்லை, நோட்டுப் புத்தகம் வழியாக வந்தது. நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், முதல் பொருளைப் பார்த்தார், மூடிவிட்டார்.

நுழைவு என்ற சொல்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அமிர்தி பூங்காவில் நுழைவுச் சீட்டு கொடுக்கிறார்கள். சரி, அங்கே நாம் நுழைகிறோம். நுழைவுத் தேர்வும் சரி. எழுதித் தேறினால் கல்லூரிக்குள் போகலாம். சொல்லப்போனால் நுழை மிக அழகான சொல். அதற்கு நுண்மை என்ற பொருளும் உண்டு. மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டில் நன்னன் என்ற மன்னன் கூத்தர்களுக்குக் கொடுக்கும் துணியை ‘இழைமருங்கு அறியா நுழைநூல் கலிங்கம்’ என்கிறார் புலவர். இழை எது என்றே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய நூல். அந்த நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். பழைய வட ஆர்க்காட்டில் நம்மோடு இருந்த ஊர்தான். வள்ளுவரும் 407-ஆம் குறளில் ‘நுண்மாண் நுழைபுலம்’ என்கிறார். நுட்பமாக உள்ளே புகுந்து பார்க்கும் அறிவு. அது இல்லாதவனின் அழகு, மண்ணால் புனைந்த பாவையின் அழகு போன்றது என்று அடித்தும் வைக்கிறார். ஆக, கதைப் போட்டியில் நுழைய வேண்டியது படிக்கிறவரின் புத்தி. கதை பாட்டுக்கு மேசைமேல் கிடக்கிறது.

சரி, வேறு சொல் இருக்கிறதே என்று சிலர் ‘உள்ளீடு’ என்பதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு நுழைவைவிட இதுதான் வயிற்றெரிச்சல். உள்ளீடு என்றால் ஒன்றின் உள்ளே இருக்கும் சத்து, சாரம். மூங்கில் உள்ளீடற்றது என்கிறோம். சில மேடைப் பேச்சுகளையும் அப்படித்தான் சொல்கிறோம். கணினிக்காரர்கள் அதை எடுத்து, பொறிக்குள் போடும் தகவலுக்கு வைத்தார்கள். அவர்கள் துறை, அவர்களுக்குப் பொருந்துகிறது, இருக்கட்டும். ஆனால் கதையை உள்ளீடு என்றால் என்ன ஆகும்? ‘இந்த உள்ளீட்டில் உள்ளீடு இல்லை’ என்று நான் படிவத்தில் எழுத வேண்டிவரும். அந்தக் கட்டில் பாதிக் கதைகளுக்கு அப்படித்தான் எழுதியிருப்பேன். கடைசி வரியில் ‘எல்லாம் கனவு’ என்று முடியும் கதைகள் மட்டும் ஒன்பது.

பதிவு என்கலாமா? நோட்டுப் புத்தக வழியில் பார்த்தால் அதுதான் நெருக்கம். கணக்கியலில் இரட்டைப் பதிவு முறை என்று ரொம்ப நாளாகவே சொல்கிறோம். ஆனால் பத்திரப் பதிவு, முன்பதிவு, முகநூல் பதிவு என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே தலைக்குமேல் வேலை.

எங்கள் பக்கத்து எருது விடும் விழாவைப் பாருங்கள். பொங்கல் முடிந்ததும் அணைக்கட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் நடக்கும். தெருவின் இருபுறமும் தடுப்பு கட்டி, மாட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் கணக்கு. பேர் கொடுத்து, டோக்கன் வாங்கி, மருத்துவர் பார்த்த பிறகுதான் மாடு ஓடும். ஆங்கிலத்தில் அது சுத்தமான எண்ட்ரி. இங்கே யாராவது ‘இந்த வருஷம் எத்தனை நுழைவு?’ என்று கேட்பார்களா? ‘எத்தினி மாடு வந்துகீது?’ என்பார்கள். அவ்வளவுதான். கோலப் போட்டியிலும் அதே கதை. ‘பதினாலாம் நம்பர் கோலம் நல்லா இருக்குது’ என்பார்களே தவிர, பதினாலாம் நுழைவு என்று சொல்லி எந்தப் பெண்ணையும் நான் கேட்டதில்லை.

ஆங்கிலத்துக்கு மாட்டையும் கோலத்தையும் கதையையும் ஒரே குடையில் நிறுத்த ஒரு சொல் தேவைப்படுகிறது. நமக்கு அந்தத் தேவை வந்ததே இல்லை. கதைப் போட்டியா, கதை. ஓவியப் போட்டியா, ஓவியம். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ‘போட்டிக்கு வந்தவை’. கொஞ்சம் விறைப்பாக வேண்டுமென்றால் ‘போட்டிப் படைப்பு’. வருதல் நமக்குப் பழகிய வினை. பத்திரிகைகளில் ‘வரப்பெற்ற நூல்கள்’ என்று போடுகிறார்கள், ஜவுளிக்கடையில் ‘புது வரவு’ தொங்குகிறது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எந்த இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்தான் இருக்க வேண்டும் என்று யாரோ இந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ‘எண்ட்ரி’ என்றே எழுதியிருந்தால்கூட நான் வாய் திறந்திருக்க மாட்டேன். சினிமாவில் நாயகனுக்கே எண்ட்ரி என்றுதானே சொல்கிறோம். தமிழ்போல் வேஷம் கட்டிய ஆங்கிலம்தான் உறுத்துகிறது.

‘விருப்ப’ என்பதற்கும் இதே வைத்தியம்: ‘உங்களுக்குப் பிடித்த மூன்று கதைகளைச் சொல்லுங்கள்.’ படிவத்தில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, மேலே இப்படி எழுதினேன். கட்டு முழுக்க ‘நுழைவு’ இருந்த இடத்திலெல்லாம் ‘கதை’ என்று திருத்தினேன். ஒரு மணி நேரம் போயிற்று.

மறுநாள் வாங்க வந்த பையன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சார், கரெக்‌ஷன் எல்லாம் சூப்பரு. அந்த மூணு நம்பரை எழுதவே இல்லியே?”