மகிழ்ச்சி மரத்தின் நஞ்சு

"பெரியப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். இரினோடிகான் என்றொரு மருந்து ஏற்றுகிறார்கள். அது ஏதோ சீன மரத்திலிருந்து வந்ததாமே? அந்தப் பட்டையையே வாங்கிக் கஷாயம் போட்டுக் கொடுத்தால் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதிக்குப் பதில் சொல்ல ஒரு கயிற்றைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

மரத்தின் பெயர் ஷி ஷூ. சீன மொழியில் மகிழ்ச்சி மரம் என்று பொருள். அங்கே நாட்டு வைத்தியத்தில் இதற்கு இடமுண்டு. ஆனால் பழைய ஏட்டைப் புரட்டி யாரும் இந்த மருந்தைக் கண்டெடுக்கவில்லை. 1950களில் அமெரிக்க வேளாண் துறை, ஸ்டீராய்டு தயாரிக்க உதவுமா என்று பல நாட்டுச் செடிகளைச் சோதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாறுகளைப் புற்றுநோய்க்கும் போட்டுப் பார்த்தபோது மாட்டியதுதான் இது. அமெரிக்க வேதியியலாளர் மன்ரோ வால், நம் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி ஆகியோரின் குழு 1966இல் அதன் சரக்கைப் பிரித்தெடுத்து, கேம்ப்டோதெசின் என்று பெயரிட்டு, கட்டமைப்பையும் வெளியிட்டது. 1972இல் அதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மரத்திலும் இருப்பதைக் கண்டவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. சீன மரத்தைவிட நம் மரத்தில் சரக்கு அதிகம். அதனாலேயே அதை வெட்டித் தீர்த்தார்கள் என்பது தனிக் கதை.

சரி, கயிறு. இரண்டு புரியாகத் திரித்த தேங்காய்நார்க் கயிறு ஒன்றின் முனையை ஆணியில் கட்டிவிட்டு, நடுவில் புரிகளைப் பிரித்து இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஆணிப் பக்கம் முறுக்கு ஏறி ஏறி, கடைசியில் கயிறு சுருண்டுகொள்ளும். டி.என்.ஏ.வும் ஏறத்தாழ 10 படிக்கு ஒரு சுற்று என முறுக்கிய இரட்டைப் புரிதான். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் அதைப் பிரித்துப் பிரதி எடுக்கிறதே, அப்போது எதிரே இதே போல முறுக்கு சேரும். யாராவது அதை இறக்கியாக வேண்டும்.

இறக்குவது டோப்போஐசோமரேஸ்-1 என்ற நொதி. அது இரண்டு புரிகளில் ஒன்றை மட்டும் வெட்டும். வெட்டிய முனையை அந்தரத்தில் விடாது. அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலியான தன் உடம்பின் 723ஆவது கண்ணியில், டைரோசின் என்ற அமினோ அமிலத்தில், அதை ஒட்டவைத்துக்கொள்ளும். மறுமுனை, வெட்டுப்படாத புரியைச் சுற்றிச் சுழலும், முறுக்கு இறங்கும். அப்புறம் இரு முனைகளையும் பழையபடி ஒட்டிவிட்டு நொதி விலகிவிடும். வெட்டுவதும் அதுவே, தைப்பதும் அதுவே. இதை முதலில் படித்த அன்று இரண்டு நாளைக்கு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

கேம்ப்டோதெசின் ஐந்து வளையங்கள் சேர்ந்த தட்டையான மூலக்கூறு. வெட்டு விழுந்து, இன்னும் ஒட்டாத அந்தக் கணத்துக்காகவே காத்திருந்ததுபோல, வெட்டின் இடுக்கில் சீட்டுக்கட்டில் சீட்டைச் சொருகுவதுபோல நுழைந்துகொள்ளும். முனைகள் ஒன்றையொன்று எட்டாது. நொதி, வெட்டிய புரியைப் பிடித்தபடியே உறைந்து நிற்கும்.

இதுவரை பெரிய சேதமில்லை. மருந்து விலகினால் நொதி ஒட்டிவிட்டுப் போய்விடும். பிரதி எடுத்துக்கொண்டு வரும் இயந்திரம் அதில் வந்து முட்டும்போதுதான் ஒற்றைப் புரி வெட்டு, இரட்டைப் புரி முறிவாகிறது. அதைச் சரிசெய்ய முடியாத செல் சாகிறது. அதாவது, ஓயாமல் பிரதி எடுக்கும் செல்லுக்குத்தான் அடி. புற்றுநோய்ச் செல் அப்படிப்பட்டது. மயிர்க்கால், எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர் எல்லாம்கூட அப்படித்தான். பக்கவிளைவுகள் அங்கிருந்தே வருகின்றன.

இந்த வகை நொதியை 1971இல் முதலில் பாக்டீரியாவில் விவரித்தவர் ஜேம்ஸ் வாங் என்ற உயிர்வேதியியலாளர். புற்றுநோய் அவர் தேடிய விஷயமே இல்லை. மருந்தின் இலக்கு இந்த நொதிதான் என்பது 1985இல் தெரிந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் 'உடனடிப் பயன் என்ன' என்று கேட்கிற படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 14 ஆண்டுகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

இப்போது கஷாயம். கேம்ப்டோதெசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் முதல் சோதனைகளில் அதை உப்பாக மாற்றி நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். அப்படி மாற்றும்போது ஐந்தாவது வளையம் திறந்துகொண்டது. திறந்த வடிவத்துக்கு வீரியம் இல்லை. ஆனால் சிறுநீரின் அமிலத்தன்மையில் அது மறுபடி மூடிக்கொண்டு, சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைத்தது. புற்றுநோயை விட்டுவிட்டு மூத்திரப்பையைத் தாக்கிய மருந்து! 1970களில் சோதனைகளை நிறுத்திவிட்டார்கள். வேதியியலாளர்கள் மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகுதான் டோபோடெகானும் இரினோடிகானும் வந்தன. அமெரிக்காவில் இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது 1996இல்.

இரினோடிகானை உருவாக்கியது ஜப்பானின் யாகுல்ட் நிறுவனம். ஆமாம், குடலுக்கு நல்லது என்று குட்டி பாட்டிலில் பாக்டீரியா விற்பவர்கள்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கல்லீரல் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்து, பொட்டலம் கட்டிக் குடலுக்கு அனுப்பும். குடலிலுள்ள பாக்டீரியா அந்தப் பொட்டலத்தைப் பிரித்துவிடும். கடுமையான வயிற்றுப்போக்குக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆகவே வாசகரே, பெரியப்பாவுக்கு வயிறு கலங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவு கொஞ்சம் தவறினாலும் ஆளைச் சாய்க்கிற சரக்கு இது. மரத்துக்கு மரம் அளவு மாறும் பட்டையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவது வைத்தியம் ஆகாது.

'மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்பவர்களுக்கு இன்னொன்று. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயே வந்தது. காரணம் அரிஸ்டோலோகிக் அமிலம். நம் ஆடுதீண்டாப்பாளையிலும் இருப்பது அதுதான். ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும். மகிழ்ச்சி மரத்துக்கும் அதே நொதி உண்டே, அது ஏன் தன் நஞ்சில் தானே சாகவில்லை? 2008இல் விடை கிடைத்தது. மரம் தன் நொதியின் சில இடங்களை மாற்றி வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, மனித நொதியின் கணக்கில் 722ஆவது அமினோ அமிலம், அதாவது வெட்டிய முனையைப் பிடித்துவைக்கும் அந்த டைரோசினுக்கு அடுத்த வீடு. அங்கே ஆள் மாறியதும் மருந்து ஒட்டுவதில்லை. வெட்டும் தையலும் வழக்கம்போல் நடக்கின்றன. இந்த மருந்துக்கு மசியாமல்போன மனிதப் புற்றுநோய்ச் செல்களை ஆராய்ந்தபோது, அவற்றிலும் மாறியிருந்தது அதே 722.