வெளுத்துப்போன கார்தேஜ் தங்கமும் ஒரு டம்ளர் தண்ணியும்

"போர்க்காலத்து கார்தேஜ் தங்கக் காசுன்னு ஒண்ணு காட்டுனாங்க, தங்கம் மாதிரியே இல்ல, வெளுத்துப்போய் இருக்கு, டூப்ளிகேட்டா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நிறத்த மட்டும் வெச்சு அப்படி முடிவு பண்ணிடாதீங்க. இன்னிக்கு துனிசியாவுல இருக்குற அந்த ஊர்க்காரங்க கி.மு. 4ஆம் நூற்றாண்டுல அடிச்ச காசு கிட்டத்தட்ட சுத்தத் தங்கம், சுமார் 9.4 கிராம், ஒரு பக்கம் பெண் தெய்வத்தோட தலை, மறுபக்கம் குதிரை. அப்புறம் வெள்ளி கலக்க ஆரம்பிச்சாங்க. ரோமோட நடந்த முதல் பியூனிக் போர் (கி.மு. 264–241) கஜானாவையே காலி பண்ணிடுச்சு, தோத்ததுக்கு 3,200 தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளி அபராதம் வேற, சம்பள பாக்கின்னு கூலிப்படையே கலகம் பண்ணுச்சு. அதனால போர்க்கால காசு வெளுத்துதான் இருக்கும், இந்தக் கலவைக்கு எலக்ட்ரம்னு பேரு.

சரி, எவ்வளவு வெள்ளின்னு எப்படி கண்டுபிடிக்கிறது? உரைகல்ல தேய்ச்சா காசுக்கு மதிப்பே போச்சு. எக்ஸ்ரே கருவி மேல்தோலத்தான் பாக்கும், மண்ணுக்குள்ள ரெண்டாயிரம் வருஷம் கிடந்ததுல மேலாப்புல இருக்குற வெள்ளி கரைஞ்சு போயிருக்கும், அதனால தங்கத்த கூட்டிக் காட்டிடும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது தண்ணி வழிதான். 0.01 கிராம் வரைக்கும் காட்டுற தராசுல ஒரு டம்ளர் தண்ணிய வெச்சு, தராச ஜீரோ பண்ணிட்டு, காசை மெல்லிசான நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிடுங்க, அடியிலயோ பக்கத்துலயோ படக்கூடாது. காசோட எடைய நம்ம கைதான் தாங்குது, ஆனாலும் தராசு ஏறும்! ஏன்னா தண்ணி காச மேல தள்ளுது, பதிலுக்கு காசு தண்ணிய கீழ தள்ளுது. ஒரு கன செ.மீ. தண்ணி ஒரு கிராம், அப்போ தராசு காட்டுற கிராம்தான் காசோட கன அளவு. வெள்ளி தங்கத்தவிட லேசு, அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும்; அதனால 9.4 கிராம் காசு சுத்தத் தங்கம்னா 0.49 காட்டும், எடையில பாதி வெள்ளின்னா 0.69. காசு மேல குமிழ் ஒட்டியிருந்தா மட்டும் கணக்கு உதைக்கும், ஒரு சொட்டு சோப்பு விட்டா சரியாயிடும். ஏல கேட்லாக்ல எடையோட இதையும் போட்டா என்ன குறைஞ்சுடுமோ தெரியல.

ஒண்ணு, அடர்த்தி சரியா வந்தாலே ஒரிஜினல்னு ஆயிடாது, இன்னிக்கு உருக்கி வார்த்த காசுலயும் அதே கலவை போடலாம். அதுக்கு லென்ஸ்ல வார்ப்புக் குமிழ் தடம் இருக்கான்னு தேடணும்.

இந்தக் கணக்குக்கு வழி சொன்ன ஆர்க்கிமிடீஸ் செத்ததும் ரோம்–கார்தேஜ் சண்டையிலதான். ரெண்டாவது பியூனிக் போர்ல, கி.மு. 212-ல, கார்தேஜ் பக்கம் சாய்ஞ்ச, சிசிலித் தீவுல இருக்குற சைரகூஸ் நகரத்த ரோம் பிடிச்சப்போ ஒரு ரோமானிய சிப்பாய் அவர வெட்டிட்டான்.