பட்டனைப் பெயர் சொல்லி அழுத்தும் கணினி

காலபோக நெல் வரத் தொடங்கிவிட்டது. கிளிநொச்சிப் பக்கத்தில் நெல் வாங்கும் ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். விவசாயியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், மூட்டை எண்ணிக்கை, ஈரப்பதம் எல்லாம் எக்செல்லில் இருக்கின்றன. அதையே பழைய கணக்கு மென்பொருளில் திரும்பவும் அடித்து, ஆளுக்கொரு தரம் 'சேமி'யை அழுத்த வேண்டும். இந்த இரண்டாவது வேலையைக் கணினியிடமே விட்டுவிடலாம்.

இலகுவான வழி, இடத்தைச் சொல்லிக்கொடுப்பது. திரையின் இடது மேல் மூலையிலிருந்து வலப்பக்கம் 640 புள்ளி, கீழே 410 புள்ளி, அங்கே அழுத்து. விசை, மவுஸ் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் ஆட்டோஹாட்கீ போன்ற கருவிகளில் இதை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் சாளரம் கொஞ்சம் நகர்ந்தாலோ, நடுவில் ஓர் அறிவிப்பு முளைத்தாலோ, அழுத்தம் வேறெங்கோ விழும். அது நிரலுக்குத் தெரியவும் தெரியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவருடைய மூட்டை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

மற்ற வழி, பெயரைச் சொல்லிக் கேட்பது. விண்டோஸ் ஒவ்வொரு சாளரத்தையும் ஒரு மரமாகக் காட்டும்: சாளரத்துக்குள் படிவம், படிவத்துக்குள் பெட்டிகள், பட்டன்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், வகை, இப்போதைய நிலை உண்டு. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த யூஐ ஆட்டோமேஷன் என்ற ஏற்பாடு இந்த மரத்தை மற்ற நிரல்களுக்குத் திறந்துவிடுகிறது. பைதான் நிரல் மொழியில், பைவின்ஆட்டோ என்ற நிரல் தொகுப்பு வழியாக 'ஈரப்பதம்' பெட்டியைத் தேடி 14 என்று எழுதலாம், எழுதியது சரியா என்று திரும்ப வாசிக்கலாம். 'சேமி'யை அழுத்தும்போது மவுஸ் அசையவே தேவையில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து விநாடி பொறுக்காமல், 'பதிவாகியது' என்ற செய்தி வரும்வரை காத்திருக்கச் சொல்லலாம். எனக்கு இதில் மிகப் பெறுமதியாகப் படுவது இந்தத் திரும்ப வாசிப்புத்தான்.

இந்தக் கதவு முதலில் திறக்கப்பட்டது பார்வையற்றவர்களுக்காக. மைக்ரோசாஃப்ட் 1997 இல் கொண்டுவந்த ஆக்டிவ் அக்ஸசிபிலிட்டிதான் இதன் முன்னோடி. பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006 இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ என்ற, திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் இலவசத் திரைவாசிப்பானும் இதே மரத்தைத்தான் வாசிக்கிறது. போரில் கண்ணை இழந்தவர்கள் வாழும் வன்னியில் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. படம் மட்டும் ஒட்டிப் பெயர் வைக்காமல் விட்ட பட்டனை என்விடிஏ வெறுமனே 'பட்டன்' என்றுதான் வாசிக்கும். பெயரால் தேடும் நிரலுக்கும் அது அகப்படாது.

ஆகவே மென்பொருள் வாங்கும் சங்கங்கள் முதலில் என்விடிஏயை நிறுவி, டேப் விசையால் ஒவ்வொரு பெட்டியாகப் போய்ப் பார்க்க வேண்டும். பெயர் கேட்காத இடங்களைக் குறித்துக்கொடுத்து, காசு கொடுக்கும் முன்பே திருத்தி வாங்குங்கள்.