அரசு போட்டுத் தரும் கணக்கு, நாம் போடும் கையெழுத்து

"கவர்மென்டே போட்டிருக்கு சார், தப்பா இருக்குமா?"

2025 ஆகஸ்டில், திருச்சியில் வரிக் கணக்கு பார்க்கும் என் அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வந்த ஒருவர் கேட்டது இது. அம்மா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. வருமான வரித் தளத்தில் ரிட்டர்னை, அதாவது ஆண்டு வருமானக் கணக்குப் படிவத்தை, திறந்ததுமே பென்ஷன், வட்டி எல்லாம் தானாக நிரம்பியிருந்தன. கடைசியில் 16,670 ரூபாய் கட்டச் சொன்னது. மகன் கட்டிவிடத் தயார். டீச்சருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "பென்ஷன்ல ஒரு பைசா பிடிக்கலை. பேங்க்ல மட்டும்தான் பிடிச்சாங்க. அதுக்கு மேல எதுக்கு சார் கட்டணும்?"

ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்த்தோம். 72,480 ரூபாய் வட்டி இரண்டு முறை பதிவாகியிருந்தது. அதே வங்கி, அதே டெபாசிட். ஒரே தகவலை வங்கி இரண்டு முறை அனுப்பியிருக்கிறது.

பென்ஷன் 6,60,000. நிலையான கழிவு 75,000 போனால் 5,85,000. வட்டியை ஒரு முறை சேர்த்தால் 6,57,480. புதிய வரி முறையில் அந்த 2024-25 நிதியாண்டுக்கு ஏழு லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை. வட்டி இரண்டு முறை ஏறியதால் 7,29,960 ஆகி, செஸ் என்ற கூடுதல் வரியோடு 23,916 ரூபாய் வரி விழுந்துவிட்டது. வங்கி பிடித்த 7,248 போகத்தான் அந்த 16,670.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் வெளிவந்தது. லால்குடியில் உள்ள வீட்டை டீச்சர் மாதம் 3,500 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். குடியிருப்பவர் ஜிபேயில் அனுப்புகிறார். அந்த வாடகையில் யாரும் வரி பிடிப்பதில்லை, துறைக்குத் தகவல் தருவதும் இல்லை. நிரம்பி வந்த ரிட்டர்னில் அது எப்படி இருக்கும்? ஆண்டு வாடகை 42,000-இல் சட்டம் அனுமதிக்கும் முப்பது சதவீதம் கழித்து 29,400 சேர்த்தோம். மொத்தம் 6,86,880. வரி பூஜ்யம். கட்ட வேண்டியவர் என்று வந்தவருக்கு 7,248 ரூபாய் ரீஃபண்ட்.

சரி, இதனால் அரசு கணக்குப் போட்டுத் தரவே கூடாது என்கிறேனா? இல்லை. போட்டுத் தர வேண்டும் என்பதுதான் என் கட்சி. சம்பளம், பென்ஷன், வங்கி வட்டி மட்டும் உள்ளவர்களின் கணக்கு முழுவதும் துறையிடமே இருக்கிறது. புதிய வரி முறையில் கழிவுகளும் மிகக் குறைவு. வரம்புக்குக் கீழே வருமானம் உள்ள ஒரு பெரியவரிடம் வங்கி வரி பிடித்தது துறைக்குத் தெரியும். அவர் வரி கட்ட வேண்டியவர் இல்லை என்பதும் பெரும்பாலும் தெரியும். ஆனாலும் அவர் ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் பணம் திரும்பும். தெரியாமல் விட்டவர்களின் பணம் அப்படியே போகிறது. எத்தனையோ பேருக்கு இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். இத்தகைய ரிட்டர்ன்கள் எங்கள் தொழிலுக்கு வருமானம்தான். அது போனாலும் பரவாயில்லை.

நாமும் பாதி தூரம் வந்தாயிற்று. 2019 பட்ஜெட்டில் நிரப்பித் தரும் ரிட்டர்ன் அறிவிக்கப்பட்டது, 2021 நவம்பரில் ஏஐஎஸ் வந்தது. எழுபத்தைந்து வயது ஆனவர்களுக்கு, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் மட்டும் வந்தால், வங்கியே கணக்கிட்டு வரி பிடிக்கும், ரிட்டர்னே வேண்டாம் என்ற ஏற்பாடும் 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அந்த வயதில் எத்தனை பேர் பணத்தை ஒரே வங்கியில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ரிட்டர்னின் கடைசியில் 'எனக்குத் தெரிந்தவரை இதிலுள்ள விவரங்கள் சரியானவை, முழுமையானவை' என்று உறுதி சொல்வது நாம். எண்ணை எழுதியது துறை, தப்பாக அனுப்பியது வங்கி, பதில் சொல்ல வேண்டியவர் டீச்சர். இது நியாயமே இல்லை. தவறான தகவல் அனுப்பிய நிறுவனம் குறித்த நாட்களுக்குள் திருத்த வேண்டும். அதுவரை அந்தத் தொகைக்கு வரி கேட்கக் கூடாது. அப்புறம், டென்மார்க்கில் போல, அரசு அனுப்பும் கணக்குக்குப் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளும் முறை இங்கே இப்போதைக்கு வேண்டாம். டீச்சரின் கணக்கில் பதிவாகியிருந்த மின்னஞ்சல், ஏழு வருடத்துக்கு முன் பான் கார்டு எடுத்துக் கொடுத்த பிரவுசிங் சென்டருடையது. துறை அனுப்பிய கடிதங்களெல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன.

ஆகவே ரிட்டர்னைத் திறக்கும் முன் உங்கள் கணக்கில் யாருடைய மொபைல் எண், யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து ஏஐஎஸ்ஸைப் பதிவிறக்கி, பாஸ்புக்கையும் வட்டிச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். கூட்டுப் பெயரில் விற்ற நிலத்துக்கு முழுத் தொகையும் ஒருவர் பெயரிலேயே ஏறியிருக்கலாம். அப்பாவிடமிருந்து வந்த கம்பெனிப் பங்கை விற்றிருந்தால் வாங்கிய விலை காலியாக இருக்கலாம். தப்பான பதிவைத் தொட்டால் 'இது இரட்டைப் பதிவு', 'இது என்னுடையதல்ல' என்று சொல்ல அங்கேயே வழி இருக்கிறது. சொல்லிவிட்டு ரிட்டர்னில் சரியான தொகையை எழுதுங்கள், ஆதாரத்தைப் பத்திரமாக வையுங்கள். பழைய வரி முறைதான் உங்களுக்கு லாபம் என்றால் அதை நீங்கள்தான் தேர்வு செய்ய வேண்டும். நிரம்பி வருவது புதிய முறையில். போட்டு முடித்தபின் 30 நாட்களுக்குள் இ-வெரிஃபை (இணையவழி உறுதிப்படுத்தல்) செய்யாவிட்டால், அதைச் செய்யும் நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாளாகக் கணக்கில் வரும்.

டீச்சருக்கு அக்டோபரில் 7,248 ரூபாய் வந்து சேர்ந்தது. இரண்டு முறை அனுப்பியதை வங்கி ஒப்புக்கொள்ள அதற்கு மேலும் ஒரு மாதம் ஆனது.